லேயர் கட் செய்துகொள்ளும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பெண்களுக்குக் கூந்தல் வெட்டும் பணியில் இருக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டினம், ஓசூர் எனப் பல ஊர்களிலிருந்து வருபவர்கள் இருக்கையில் அமர்ந்ததும் கேட்கும் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

லேயர் கட் என்பது எது? ஸ்டெப் கட், யூ கட், வி கட் எல்லாம் அதுதானா?

முடி முழுவதும் ஒரே நீளத்தில் முடியாமல், மேலே உள்ள முடி குட்டையாகவும் கீழே உள்ள முடி நீளமாகவும் படிப்படியாக இறங்குமாறு வெட்டுவதே லேயர் கட். முடியைத் தலையிலிருந்து எவ்வளவு உயர்த்திப் பிடித்து வெட்டுகிறோம் என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. தொங்கவிட்டபடியே வெட்டினால் அடுக்கு விழாது. தலைக்கு நேர் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் பிடித்து வெட்டினால் அடுக்குகள் தலை முழுவதும் சீராக விழும். உச்சிக்கு மேலே தூக்கிப் பிடித்து வெட்டினால் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையே நீள வேறுபாடு இன்னும் கூடும்.

ஸ்டெப் கட் என்று நம் ஊரில் சொல்வது, அடுக்குகள் படிக்கட்டுபோல் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் வெட்டு. ஃபெதர் கட்டில் நுனிகள் இறகுபோல் மெலிந்து வெளிப்புறம் திரும்பியிருக்கும். யூ கட்டும் வி கட்டும் முதுகில் விழும் கீழ் விளிம்பின் வடிவத்தை மட்டுமே குறிப்பவை. அவற்றில் அடுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே "யூ கட்டில் நீளமான லேயர்" என்று கேட்பது முற்றிலும் சரியான கோரிக்கையே.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எது? முகத்துக்குப் பொருந்துவதா, முடிக்குப் பொருந்துவதா?

இரண்டுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மிகக் குட்டையான அடுக்கு எங்கே முடிய வேண்டும் என்பதுதான் அது. அந்த ஓர் அளவு சரியாக அமைந்துவிட்டால் மற்ற அடுக்குகளை அதிலிருந்து இறக்கிக்கொண்டு போகலாம். அது பிழையானால் வேறு எதைக் கொண்டும் சரிசெய்ய இயலாது.

இதை நான் ஒருவருக்குத் துன்பம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் பெண்ணுக்கு முகத்தையொட்டித் தாடை அளவில் அடுக்கு வெட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது அழகாக இருந்தது. அவரும் மகிழ்ச்சியுடன்தான் சென்றார். ஆனால் பணி நேரம் முழுவதும் முடியைத் தொப்பிக்குள் அடக்கி வைத்திருக்க வேண்டியவர் அவர். தாடை அளவில் நின்ற முடி எந்தக் கட்டுக்குள்ளும் அடங்காததால், அடுத்த பல மாதங்கள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பாக இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. அவர் நாள்தோறும் முடியை எப்படிக் கட்டுகிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அடுக்கை நான்கு அங்குலம் இறக்கி வெட்டியிருப்பேன். அன்றுமுதல் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

கூந்தலுக்குப் பழந்தமிழில் ஐம்பால் என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வாரிக் கட்டுவதும் பின்னுவதும் கொண்டையிடுவதும்தான் இன்றும் நம் பெண்களின் அன்றாடம். விரித்துவிட்ட கூந்தலை மனத்தில் வைத்து எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டு, வாரத்தில் ஆறு நாட்கள் கட்டியே வைத்திருப்பதில் என்ன பயன் இருக்கிறது?

குட்டையான அடுக்கு கட்டுக்குள் வருமா என்று வீட்டிலேயே எப்படி அளப்பது?

ஒரு தையல் டேப் போதும். வழக்கமாகக் கட்டும் இடத்தில் முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து, காதுக்கு மேலாகத் தலையை ஒட்டிக் கட்டு இருக்கும் இடம்வரை அளந்து, அதனுடன் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது டேப்பின் முனையை அதே நெற்றி விளிம்பில் வைத்து அந்த நீளத்தை முகத்தின் ஓரமாகத் தொங்கவிட்டால், அது எங்கே முடிகிறதோ அதுவே உங்கள் முன்பக்க அடுக்கு நிற்க வேண்டிய எல்லை. பிடரியில் கட்டுபவர்களில் பலருக்கு இது காறை எலும்பை ஒட்டி வரும். உயரத் தூக்கிக் குதிரைவால் கட்டுபவர்கள் பிடரி முடியையும் கட்டுவரை அளந்து பார்க்க வேண்டும்.

பின்னல் போடுபவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. கட்டுக்குள் வந்த அடுக்கும் பின்னலின் நடுவே முடிந்து, நுனி வெளியே துருத்தி நிற்கும். நாள்தோறும் பின்னல் போடுபவருக்கு, முதுகின் கீழ்ப்பாதியில் மட்டும் இரண்டு மூன்று அடுக்கு இறக்கி, முகத்தையொட்டி மெல்லிய கற்றை ஒன்றை மட்டும் விடுவதே பொருந்தும் என்பது என் கருத்து.

என் முடி அடர்த்தியானதா, மெல்லியதா என்று எப்படி அறிவது?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பலர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஓர் இழையின் தடிமன் ஒன்று, தலையில் எத்தனை இழைகள் இருக்கின்றன என்பது மற்றொன்று. மெல்லிய இழைகள் ஏராளமாக இருப்பவரும் உண்டு, தடித்த இழைகள் குறைவாக இருப்பவரும் உண்டு. ஓர் இழையை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் தையல் நூல்போல் தட்டுப்பட்டால் தடித்தது, இருப்பதே தெரியாவிட்டால் மெல்லியது. எண்ணிக்கையை அறிய, எண்ணெய் இல்லாத முடியைக் குதிரைவாலாகக் கட்டி அடிப்பகுதியின் சுற்றளவை அளக்கலாம். 2 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அடர்த்தி குறைவு என்றும், 4 அங்குலத்தைத் தாண்டினால் அடர்த்தி மிகுதி என்றும் பொதுவாகக் கொள்ளலாம்.

எனக்கு முடி குறைவு. லேயர் வெட்டினால் நிறைய இருப்பதுபோல் தெரியும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மேலடுக்கின் நீளம் குறையும்போது அதன் எடையும் குறைவதால், வேரின் அருகே முடி சற்று எழுந்து நிற்கும். உச்சியில் அடர்த்தி கூடியதுபோல் தோன்றும். ஆனால் மேலே வெட்டிய ஒவ்வோர் இழையும் கீழ் விளிம்பிலிருந்து கழிந்த இழை. அடுக்குகள் அதிகமானால் நுனி எலிவால்போல் மெலிந்து, தோளுக்குக் கீழே முதுகும் துணியும் தெரியத் தொடங்கும். முடி குறைந்தவர்கள் நீளத்தைத் தோளுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, விளிம்பை நேராக வைத்து, மேலே ஒன்றிரண்டு நீண்ட அடுக்குகளை மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது. இடுப்புவரை நீளமும் வேண்டும், அடுக்கும் வேண்டும், அடர்த்தியும் தெரிய வேண்டும் என்றால் இம்மூன்றும் ஒன்றாகக் கூடி வாரா. எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை நாற்காலியில் அமர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடர்த்தியான முடிக்கு?

லேயர் கட்டின் முழுப் பயனையும் பெறுபவர்கள் நீங்கள்தான். தலைப்பாரம் குறையும், தலைக்குக் குளித்தபின் விரைவில் உலரும், பங்குனி சித்திரை வெயிலில் பிடரி வியர்வையும் சற்று ஆறும். ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். பல்வரிசை போன்ற கத்தரியால் வேரை ஒட்டி முடியைக் கழித்து அடர்த்தியைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிக் கழித்த குட்டை முடிகள் ஓரிரு மாதங்களில் வளர்ந்து, மேலிருக்கும் நீண்ட முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். முன்பைவிடப் பரட்டையாகத் தோன்றும். அந்தக் கத்தரியை நுனியிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் பயன்படுத்துவதில் தவறில்லை.

சுருள் முடிக்கு லேயர் பொருந்துமா? எல்லாரும் வேண்டாம் என்கிறார்களே?

நன்றாகப் பொருந்தும். ஒரே நீளத்தில் வெட்டிய சுருள் முடி உச்சியில் படிந்து, கீழே அகன்று, கூம்புபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குகள் இறக்கினால்தான் அந்தக் கனம் தலை முழுவதும் பரவி வட்டமான வடிவம் கிடைக்கும். சுருள் முடிக்கு லேயர் கெட்டுப்போவதெல்லாம் ஈரத்தில் அளந்து வெட்டுவதால்தான்.

அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது பயன் தரும். முடியின் கெரட்டின் புரதத்துக்கு வடிவம் கொடுக்கும் பிணைப்புகளில் ஒரு வகையான ஹைட்ரஜன் பிணைப்புகள், முடி நனையும்போது அவிழ்ந்து, உலரும்போது மறுபடியும் சேர்கின்றன. அதனால் நனைந்த முடி இழுத்த இழுப்புக்கு நீளும்; உலர்ந்தபின் சுருளுக்குத் திரும்பும். உலர்ந்த சுருள் கற்றை ஒன்றை நேராக இழுத்து அளந்து, பின் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். இழுத்தபோது 12 அங்குலமாக இருந்தது விட்டபோது 9 அங்குலமானால், ஈரத்தில் தோளளவில் வெட்டிய அடுக்கு உலர்ந்ததும் தாடைக்கு ஏறிவிடும் என்று பொருள். ஒரே தலையில் பிடரிச் சுருளும் காதோரச் சுருளும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை.

ஆகவே உலர்ந்த நிலையில், சுருள் சுருளாக எடுத்து வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில்தான் வெட்டுவோம் என்றால், நீங்கள் விரும்பும் அளவைவிட இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி, உலர்ந்தபின் திருத்தச் சொல்லுங்கள். ரேசர் பிளேடால் சீவுவதைச் சுருள் முடிக்கு அனுமதிக்க வேண்டாம். நுனி சிதைந்து பரட்டையாகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பனிக்காலக் காற்றின் ஈரத்தில் சுருள் முடி இன்னும் உப்பும் என்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு முன்பக்க அடுக்கை இன்னும் சற்று நீளமாகவே விடுகிறேன்.

கோரை முடிக்கு?

வளையாத நேர் முடியில் கத்தரி பட்ட ஒவ்வொரு கோடும் தெரியும் என்பதால், படிக்கட்டுபோல் தெரியும் ஸ்டெப் கட்டைவிட ஒன்றோடொன்று கலந்து இறங்கும் நீண்ட அடுக்குகளே அழகு. வெட்டுபவரின் கை நிதானம் இந்த முடியில்தான் வெளிப்படும். அவசரமாக முடித்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

என் முகத்துக்கு எது பொருந்தும்?

முடியை முழுவதும் பின்னுக்கு வாரிக் கட்டி, கண்ணாடி முன் நின்று, நெற்றியின் அகலம், கன்ன எலும்புகளின் அகலம், தாடையின் அகலம், நெற்றி விளிம்பிலிருந்து மோவாய்வரை நீளம் ஆகிய நான்கையும் அளந்துகொள்ளுங்கள். நீளமும் கன்ன அகலமும் ஏறக்குறைய ஒன்றானால் வட்ட முகம். நீளம் நன்கு மிகுந்திருந்தால் நீள் முகம். நெற்றியும் தாடையும் ஒரே அகலத்தில் இருந்து தாடை கோணமாகத் திரும்பினால் சதுர முகம். நெற்றி அகன்று மோவாய் குறுகினால் இதய வடிவ முகம்.

இதில் நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். முகத்தையொட்டிய அடுக்கு எங்கே முடிகிறதோ அங்கே பார்வை நிற்கும். அந்த இடம் அகலமாகவும் தோன்றும். வட்ட முகத்தில் கன்னத்தில் முடியும் அடுக்கு கன்னத்தை இன்னும் அகலமாக்கும் என்பதால், அதை மோவாய்க்குக் கீழே இறக்க வேண்டும். நீள் முகத்துக்கு அதே கன்ன அடுக்குதான் தேவை. பக்கவாட்டில் அகலம் கூடி நீளம் அடங்கும். சதுர முகத்தில் அடுக்கு தாடைக் கோணத்துக்கு நேராக முடியாமல், அதற்குக் கீழே மென்மையான நுனியுடன் இறங்க வேண்டும். இதய வடிவ முகத்துக்குக் கழுத்தை ஒட்டி அடர்த்தி கூடுமாறு அடுக்கினால் குறுகிய மோவாய்க்குத் துணை கிடைக்கும். முட்டை வடிவ முகத்துக்கு எதுவும் பொருந்தும்.

பெரும்பாலானோர் முகம் இவற்றில் இரண்டின் கலவையாகத்தான் இருக்கும். அதற்காக வருந்தவும் வேண்டாம், இணையத்தில் ஒவ்வொரு படமாகத் தேடவும் வேண்டாம். மூக்குக் கண்ணாடி அணிகிறீர்களா, ஜிமிக்கி அணியும் வழக்கம் உண்டா என்பவையும் இதே அளவு முக்கியம். காது அளவில் முடியும் அடுக்கு ஜிமிக்கியில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

நெற்றியில் ஃப்ரிஞ்ச் வெட்டிக்கொள்ளலாமா?

1960களில் இந்தி நடிகை சாதனா தம் அகன்ற நெற்றியை மறைப்பதற்காக வெட்டிக்கொண்ட ஃப்ரிஞ்ச், நாடெங்கும் அவர் பெயராலேயே சாதனா கட் என்று பரவியது. அகன்ற நெற்றிக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் உங்கள் முன்நெற்றியில் சுழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுழி உள்ள இடத்தில் முடி தன் போக்கில்தான் திரும்பும். நேராக வெட்டிய ஃப்ரிஞ்ச் அங்கே பிளந்து நிற்கும். அப்படியிருந்தால் வகிட்டை ஒரு பக்கமாக மாற்றி, சுழியின் போக்கிலேயே சரிந்து விழும் நீண்ட கற்றையாக வெட்டிக்கொள்ளலாம். உச்சியில் இரட்டைச் சுழி உள்ளவர்கள் அந்தப் பகுதியில் குட்டை அடுக்கே வைக்கக் கூடாது. நாள்தோறும் ஹெல்மெட் அணிந்து வண்டி ஓட்டுபவர்களுக்கு ஃப்ரிஞ்சை நான் பரிந்துரைப்பதில்லை. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிப் பகல் முழுவதும் அப்படியே கிடக்கும்.

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். லேயர் கட் அதனால் கெடுமா?

வெட்டு கெடாது, அதன் தோற்றம் மங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். லேயர் கட்டில் நுனிகள் தலை முழுவதும் பரவியிருப்பதால் அந்த வறட்சி உடனே கண்ணில் படும். குடிநீருக்கான ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில், கடைசி ஒரு செம்பு அலசலுக்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டால்கூட வேறுபாடு தெரியும். மழைநீர் சேமிப்பவர்களுக்கு அது இன்னும் நல்லது. சில வாரங்களுக்கு ஒருமுறை, உப்புப் படிவை நீக்குவதற்கென்றே உள்ள ஷாம்பூவைப் பயன்படுத்தி, அதன்பின் நுனிகளில் கண்டிஷனர் இடுங்கள். இங்கே நிலத்தடி நீரில் பேசப்படும் ஃபுளூரைடு வேறு சிக்கல். பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் அதை இத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் தினமும் எண்ணெய் வைப்பவள். அடுக்குகள் தெரியுமா?

எண்ணெய் மிகுந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு அடுக்குகள் மறையும். குளிப்பதற்கு முந்தைய இரவு எண்ணெய் வைத்து மறுநாள் அலசிவிட்டு, மற்ற நாட்களில் நுனியில் மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். வெட்ட வரும் நாளில் எண்ணெய் இல்லாத, முழுவதும் உலர்ந்த, வழக்கமான வகிடு எடுத்த முடியுடன் வாருங்கள். முடி தானாக எப்படி விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் வெட்டுபவர் முடிவு செய்ய முடியும்.

திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இப்போது வெட்டிக்கொள்ளலாமா?

முகூர்த்தத்துக்குச் சவுரி வைத்துப் பின்னி ஜடை அலங்காரம் செய்வதானால், உச்சியிலும் பக்கவாட்டிலும் குட்டை அடுக்கு வேண்டாம். சவுரியை மறைத்துப் பின்னுவதற்கு உங்கள் சொந்த முடி நீளமாக இருக்க வேண்டும். வரவேற்புக்கு முடியை விரித்துவிட ஆசைப்பட்டால் கீழ்ப்பகுதியில் மட்டும் அடுக்கு இறக்கிக்கொள்ளலாம். ஜடை பின்னுபவரிடம் கலந்து பேசி, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள். அடுக்கு முடியில் பூச்சரம் வழுக்கும். குண்டுமல்லிச் சரத்தை மேல்முடியில் குத்தாமல், உள்ளே இருக்கும் ரப்பர் பேண்டோடு சேர்த்து ஹேர்பின் குத்தினால் நாள் முழுவதும் நிற்கும்.

பள்ளி மாணவிக்கு?

இரட்டைப் பின்னல் கட்டாயம் என்றால் நேர் வெட்டே போதும். விடுமுறைக்காக வெட்டிவிட்டுப் பள்ளி திறந்தபின் பிள்ளையைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. வெட்டிக்கொண்டால் நிற்குமா?

வெட்டுவதால் உதிர்வது நிற்காது. முடி வளர்வதும் உதிர்வதும் வேரில் நடப்பவை. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடி, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மொத்தமாக உதிர்வது இயல்பு. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் ஆண்டு நிறைவதற்குள் சரியாகிவிடும். ஓராண்டுக்குப் பின்னும் தொடர்ந்தாலோ, உடல் சோர்வும் சேர்ந்திருந்தாலோ, இரத்த சோகை, தைராய்டு பரிசோதனைக்காக மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, அடுக்குகளை ஒத்திவைக்கச் சொல்வேன். நெற்றியோரம் புதிதாக முளைக்கும் குட்டை முடியே ஓர் அடுக்குபோல் நிற்கும். அது எந்த நீளத்துக்கு வருகிறது என்று பார்த்தபின் மற்றதை அதனோடு இணைத்து வெட்டலாம்.

பார்லரில் எப்படிச் சொல்வது? நான் சொல்வது ஒன்று, வெட்டுவது ஒன்றாக இருக்கிறதே?

ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் அருகருகே வாழ்கிறார்கள். பணியாளர்களில் இந்தி பேசுபவர்களும் உண்டு. மொழி ஒன்றாக இருந்தாலும் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு உங்கள் அளவு வேறு, அவர் அளவு வேறு. ஆகவே விரலை உடம்பில் வைத்துக் காட்டுங்கள்: மிகக் குட்டையான அடுக்கு இங்கே, மிக நீளமானது இங்கே. படம் காட்டுவதானால் உங்கள் முடியின் வகையை ஒத்த ஒருவரின் படத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் கற்றையை வெட்டியதும் நிறுத்தச் சொல்லி, கையை எடுத்தபின் அது எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கைக்காரர் எவரும் இதற்குச் சினம் கொள்வதில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்த வேண்டும்? பிடிக்காவிட்டால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

தோளளவு அடுக்குகளை எட்டு வாரங்களுக்கு ஒருமுறையும், நீண்ட அடுக்குகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் திருத்தினால் வடிவம் நிற்கும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர்வரை, அதாவது ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. தாடையில் நிற்கும் அடுக்கு காறை எலும்பை எட்ட நான்கு அங்குலம் வளர வேண்டுமானால் எட்டு மாதம் ஆகும். அந்த எட்டு மாதமும் மேலடுக்கில் கத்தரி படாமல், கீழ் விளிம்பை மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் அங்குலம் எடுத்துவாருங்கள். மேலே உள்ளது இறங்கி வரவர, அடுக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு குறைந்து முடி மறுபடியும் ஒரே நீளத்தை நெருங்கும்.